தாத்தா இலவசமாகத் தங்கிய தீவு

பூச்சோங்கில் ஐம்பது வயதைத் தாண்டும் ஆண்களுக்கு இரண்டு நோய்கள் வரும். ஒன்று சர்க்கரை, இன்னொன்று மலையேற்றம். முதல் நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துதான் இரண்டாவது என்பதால் இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே முற்றும். சர்க்கரையைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுக்க வேண்டும். மலையேற்றம் முற்றியவரைத் தெருமுனையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். காலில் சேறு, தலையில் வட்டத் தொப்பி, முதுகில் தண்ணீர்ப் பை, அந்தப் பையிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் தொலைந்தீர்கள். பாயசம் வருவதற்குள் புக்கிட் வவாசானை எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று நொடிக்கணக்கோடு சொல்லிவிடுவார்.

புக்கிட் வவாசான் பூச்சோங்கின் சொந்த மலை. சனி, ஞாயிறு விடியலில் அதன் அடிவாரத்தில் காடியை நிறுத்த இடம் பிடிப்பது உச்சியை எட்டுவதைவிடக் கஷ்டம். இறங்கியதும் நேராக மாமாக் கடை. ஏறும்போது கரைத்ததையெல்லாம் இரண்டு ரொட்டி சானாயிலும் ஒரு தே தாரிக்கிலும் திரும்பப் பெற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம். எங்கள் குழுவில் இதுவரை ஒருவருக்கும் எடை குறைந்ததாகத் தகவல் இல்லை.

குழு என்றால் வாட்சாப் குழு. தலைவர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் வாத்தியார் ஐயா. பள்ளியை விட்டு வந்தாலும் மணியடிக்கும் வழக்கம் அவரை விட்டு வரவில்லை. விடிகாலை நாலரைக்கே, எழுந்தாச்சா என்று செய்தி வந்துவிடும். அடுத்தவர் லோரி அண்ணன். சொந்தமாக லோரிகள் ஓட்டுகிறவர். மலையோ மாளிகையோ, பார்த்ததும் இதை ஏற்ற எத்தனை லோரி பிடிக்கும் என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும். மூன்றாவது நான். நான்காவது என் மனைவி. அவள் மலையேற வருவதில்லை. இறங்கியபின் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று பார்க்க வருகிறாள். போகிற வழியில் மலையையும் ஏறிவிடுகிறாள், எங்களுக்கு முன்னால்.

ஒருநாள் வாத்தியார் ஐயா குழுவில் எழுதினார். "தீவு, காடு, இடிந்த கட்டடங்கள், கடற்கரை. எல்லாம் ஒரே நாளில். பினாங்கு, ஜெரஜாக்." உடனே கட்டைவிரல் படங்கள் குவிந்தன. கிளம்புகிற அன்று வந்து நின்றவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால் என் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவுக்கு எண்பதுக்கு மேல். கூடத்தில் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எங்கடா போறீங்க?"

"ஜெரஜாக் தீவுப்பா. மலை ஏற."

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். தேர்தல் முடிவுக்கும் சாப்பாட்டுக்கும் தவிர அவர் பேப்பரைக் கீழே வைப்பதில்லை.

"காசு குடுத்தா போறீங்க?"

"படகுக்குக் குடுக்கணும்லப்பா."

"உங்க தாத்தாவ அங்க சும்மாவே கொண்டுபோய் விட்டானுங்க வெள்ளைக்காரனுங்க. எப்படா வெளிய விடுவானுங்கன்னு அழுதுகிட்டுக் கெடந்தாரு மனுஷன். நீ காசு குடுத்துப் போறியா?"

தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கித்தாத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்பதும், அவர் வெட்டிய மரங்கள் நின்ற இடத்தில் இப்போது கொண்டோமினியம் நிற்கிறது என்பதும்தான். பூச்சோங் அப்போது தோட்டமும் ஈய லம்பமுமாக இருந்த ஊர். இன்று ஏரிக்கரை வீடு என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே, அந்த ஏரிகளில் பல லம்பத்துக்காகத் தோண்டிய குழிகள். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது 1937இல். ரஜூலா 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல். நம் வீடுகளில் பாதிப்பேருடைய குடும்ப வரலாறு அதன் மேல்தளத்தில்தான் ஆரம்பிக்கிறது. மறு ஆண்டே, 1938இல், தோட்டங்களுக்குக் கூலியாட்களைப் பயணச் செலவு கொடுத்துக் கூட்டிப் போவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. தாத்தா ஒரு வருஷம் சோம்பலாக இருந்திருந்தால் நான் இன்று தஞ்சாவூர்ப் பக்கம் சமதரையில் சௌகரியமாக இருந்திருப்பேன். மலை ஏறச் சொல்லி யாரும் காலை நாலரைக்கு எழுப்பியிருக்க மாட்டார்கள்.

கப்பல் பினாங்குக்கு வந்ததும் கேபின் வகுப்புத் துரைமார் இறங்கிப் போய்விட்டார்களாம். மேல்தளத்து ஆட்களை மட்டும் படகில் ஏற்றி ஜெரஜாக்குக்குக் கொண்டுபோனார்கள். அம்மையோ வாந்திபேதியோ ஊருக்குள் வந்துவிடக் கூடாது அல்லவா? அங்கே துணிமணியை வாங்கி நீராவியில் போட்டார்கள். மருந்து நாற்றமடிக்கும் தண்ணீரில் ஆட்களை முக்கி எடுத்தார்கள். கையில் அம்மை குத்தினார்கள். பிறகு சோறு போட்டு ஒரு வாரம் உட்கார வைத்தார்கள். தாத்தா அந்த ஒரு வாரத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று. மலாயாவில் அவர் வேலை செய்யாமல் சாப்பிட்டது அந்த ஒரு வாரம்தானாம்.

பூச்சோங்கிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மலையேற்றப் பயணம் என்பதால் வழியில் அதிகம் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். தாப்பா ஓய்வுத் தலத்தில் பசியாறினோம். பீடோர்க் கொய்யா கண்ணில் பட்டது. கொய்யா சர்க்கரைக்கு நல்லது என்று லோரி அண்ணன் சொன்னார். கூடக் கொடுக்கும் உப்புத்தூளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். பேசாமல் வருவது அவளுடைய கணக்கு நோட்டு.

பினாங்குப் பாலத்தில் ஏறியதும் இடது பக்கம் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. 1985இல் பாலம் திறந்த நாள் முதல் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோம், வருகிறோம். அந்தத் திட்டுக்குப் பெயர் இருக்கும் என்றுகூட நான் நினைத்ததில்லை. "அதுதான் ஜெரஜாக்" என்றார் வாத்தியார் ஐயா. லோரி அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏற்ற முடியாது" என்றார்.

மறுநாள் காலை பினாங்குக் கரையில் படகு பிடித்தோம். நாங்கள் போட்டிருந்த காலணிகளின் மொத்த விலையில் அந்தப் படகையே வாங்கியிருக்கலாம். கைத்தடி இரட்டை இரட்டையாக. அட்டைக்கு ஓர் எண்ணெய், கொசுவுக்கு இன்னோர் எண்ணெய், வெயிலுக்கு ஒரு பசை. தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு கடலையே தாண்டி வந்தவர். நாங்கள் ஒரு நாள் நடப்பதற்கு ஆளுக்கு இரண்டு பை கொண்டுபோனோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் தீவுக்கு உயிர்காப்புச் சட்டையும் மாட்டினார்கள். சட்டைக்கும் என் வயிற்றுக்கும் ஒத்துப்போகவில்லை. படகோட்டும் மலாய்த் தம்பி வாரை இழுத்துக் கட்டப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "பெலான்-பெலான் லா, அங்கிள்" என்றார். மெதுவாகவே எதையும் செய்யும் என்னைப் பார்த்து அதற்கு மேல் யாரும் மரியாதையாகப் பேச முடியாது.

தீவு 362 ஹெக்டேர். முக்கால்வாசி காடு. படகுத்துறையை விட்டுக் கொஞ்சம் நடந்ததும் பாதை மேலே திரும்பியது. கடல் காற்று அங்கேயே நின்றுவிட்டது. காட்டுக்குள் நுழைந்ததும் இட்லிப் பானையை மூடியது போல ஒரு புழுக்கம். மரவேர்களே படிகள். பிடித்து ஏறலாம் என்று நீட்டிய கொடியெல்லாம் முள். வாத்தியார் ஐயா முன்னால் நடந்தபடி பாடம் எடுத்தார். நின்று கேட்கிற பாடம் என்பதால் நாங்கள் நல்ல மாணவர்களாகிவிட்டோம். மூச்சு வாங்கும்போதெல்லாம் யாராவது ஒரு சந்தேகம் கேட்போம். அவர் நிற்பார், விளக்குவார், நாங்கள் சாய்ந்துகொள்ள மரம் தேடுவோம். அவர் ஆசிரியராக இருந்த காலத்தில்கூட இத்தனை கேள்வி கேட்கும் வகுப்பு அமைந்திருக்காது.

அப்படி மூச்சுக்காகக் கற்றுக்கொண்ட வரலாறு இது. 1797இல் ஆர்தர் வெல்லஸ்லி என்ற கர்னல் பினாங்குக்கு வந்தார். இந்தத் தீவில் கடற்படைத் தளம் அமைக்கலாம் என்று யோசனை சொன்னார். பிறகு இந்தியாவுக்குப் போய் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் நின்றார். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனையே தோற்கடித்தார். வெலிங்டன் பிரபு என்கிறார்களே, அவர்தான் இவர். ஜெரஜாக்கில் மட்டும் அவர் யோசனை யோசனையாகவே நின்றது. நெப்போலியன் பரவாயில்லை, இந்த மேடுதான் சரிப்படாது என்று நினைத்திருப்பார். பாதி மேட்டில் நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

தளம் வராத தீவுக்கு 1870களில் வேறு ஆட்கள் வந்தார்கள். முதலில் தொழுநோயாளிகள். நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அவர்களைப் பிடித்துவந்து இங்கே விட்டார்கள். அதே பத்தாண்டில் கப்பலில் வருகிறவர்களைத் தடுத்து வைக்கும் முகாமும் வந்தது. சீனர்களிலும் தமிழர்களிலும் பலர் அங்கே காத்திருந்துதான் மலாயாவுக்குள் நுழைந்தார்கள். பிறகு காசநோயாளிகள். 1969 மே கலவரம் முடிந்த கையோடு, அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, சிறை. விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர்களை வைத்த சிறை அது. அமெரிக்காவின் அல்காட்ராஸ் தீவுச் சிறையின் பெயரை இதற்கும் ஒட்டினார்கள். 1993 ஆகஸ்டில் அதை மூடினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சொகுசு விடுதி, உடம்பு பிடித்துவிடும் ஸ்பாவோடு வந்தது. அதுவும் மூடிவிட்டது.

"ஊருக்குள்ள வச்சிக்க முடியாதவங்கள எல்லாம் கொண்டாந்து விடற எடமா இது?" என்று கேட்டாள் என் மனைவி. எங்கள் மூவரையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்தாள். "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கோம்."

விடுதி வந்து போன செய்தியைக் கேட்டபோது எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. ஜெரஜாக்கில் முதன்முதலில் ஸ்பா நடத்தியது வெள்ளைக்கார அரசாங்கம்தானே? படகுச் சவாரி, நீராவி, மருந்துக் குளியல், மருத்துவப் பரிசோதனை, கடலைப் பார்த்த தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு வாரம். தாத்தாவிடம் ஒரு காசு வாங்கவில்லை. பிறகு அந்தக் கணக்கைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கழித்துக்கொண்டார்கள் என்பது வேறு.

இடிந்த கட்டடங்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்றாலும், அவை கண்ணில் பட்டதும் நாங்கள் செய்த முதல் காரியம் உட்கார இடம் தேடியது. சுவர் இருந்தது, கூரை இல்லை. கூரையின் வேலையை ஒரு ஆலமரம் எடுத்துக்கொண்டு செங்கல்லுக்குள் வேரை விட்டிருந்தது. கம்பி போட்ட கதவு ஒன்று துருப்பிடித்துத் திறந்தே கிடந்தது. உள்ளே போய் வெளியே வரலாம். லோரி அண்ணன் போய் வந்தார். இருபது வருஷம் உள்ளே இருந்துவிட்டு விடுதலையானவர் முகத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். படத்தை உடனே வீட்டுக்கு அனுப்ப, அங்கேயே இருங்க என்று பதில் வந்தது.

தொழுநோயாளிகளின் கதை அந்த மாதிரிச் சிரிப்புக்கு இடம் தருவதில்லை. அவர்களில் பலர் இங்கேயே வாழ்ந்து இங்கேயே புதைக்கப்பட்டவர்கள். மிஞ்சியவர்கள் பின்னாளில் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் பூச்சட்டி வாங்க நாம் காடியை ஓட்டிக்கொண்டு போகிறோமே, அந்தச் சுங்கை பூலோதான். அங்குள்ள நாற்றங்கால்கள் 1930இல் திறந்த தொழுநோயாளிக் குடியிருப்பைச் சேர்ந்த நிலத்தில் வளர்ந்தவை. ரோஜாச் செடியைப் பேரம் பேசும் நேரத்தில் இது யாருக்கும் நினைவு வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை.

இதே தீவில் ரஷ்ய மாலுமிகளின் கல்லறையும் உண்டு என்று வாத்தியார் ஐயா சொன்னபோது லோரி அண்ணன் நம்பவில்லை. "ரஷ்யாக்காரனுக்கு இங்க என்ன சார் வேலை?" என்றார். வேலை கொடுத்தது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. அடுத்த மாதம் 28ஆம் தேதி விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல் என்று நினைக்கட்டும் என்று பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். உள்ளே நங்கூரம் போட்டிருந்த ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். ஷெம்சுக்கின் கேப்டன் அன்றிரவு கப்பலில் இல்லை, கரையில் தங்கியிருந்தார். எங்கள் வாட்சாப் குழுவில் கட்டைவிரல் காட்டிவிட்டு வராமல் போன அத்தனை பேருக்கும் இந்தக் கேப்டனின் கதையை அங்கிருந்தே வாத்தியார் ஐயா அனுப்பிவைத்தார்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். ஏறும்போது மூச்சு மட்டும்தான் முறையிடும். இறங்கும்போது முட்டியும் சேர்ந்துகொள்ளும். கைத்தடி இரண்டும் வேண்டாத இடத்தில் ஊன்றும், வேண்டிய இடத்தில் வழுக்கும். என் மனைவி ரப்பர்ச் செருப்பில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தோட்டத்தில் கித்தா வாளியைத் தூக்கிக்கொண்டு இதைவிடச் செங்குத்தான சரிவில் வெறுங்காலோடு இறங்கியதாக அவள் சொன்னாள். கைத்தடிக்கு நான் கொடுத்த விலையையும் கூடவே ஒருமுறை சொன்னாள்.

கடற்கரை வந்தது. சுற்றுலாப் படங்களில் வரும் வெள்ளை மணலும் நீல நீரும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் லங்காவிக்குப் போகலாம். இங்கே மணல் ஒரு துண்டு, பாறை ஒரு துண்டு, மற்றதெல்லாம் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய பிளாஸ்டிக் போத்தல். ஆனால் நிழல் இருந்தது, அலை இருந்தது, எங்களிடம் புளிச்சோறு இருந்தது. அவித்த முட்டையும் நெத்திலிச் சம்பலும்கூட. லோரி அண்ணன் தனியாக நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். அவர் வாழையிலையைப் பிரிக்கவும் மேலே கிளை அசையவும் சரியாக இருந்தது. குரங்கு வந்தது, எடுத்தது, போனது. பத்தடி தள்ளி உட்கார்ந்து, சோற்றை விட்டுவிட்டு வறுத்த நிலக்கடலையைப் பொறுக்கி முதலில் தின்றது.

"சக்கரை இருக்கும் போல" என்றாள் என் மனைவி.

சாப்பிட்டு முடிந்து சாய்ந்திருந்தபோது வாத்தியார் ஐயா, அன்றைக்கு முதல் தடவையாக, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். மொரீஷியஸ் தீவில் போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்கள் கரையேறிய இடம். மிஞ்சியிருப்பது பழைய கல் கட்டடங்கள் சிலவும் சில படிகளும்தான். அந்த நாட்டுக்காரர்கள் அதைக் கழுவித் துடைத்து, எழுதிப் போட்டு, 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். பினாங்கின் ஜார்ஜ்டவுனும் 2008இல் அதே பட்டியலில் ஏறியது. நாங்கள் உட்கார்ந்திருந்த தீவு ஏறவில்லை.

நாங்கள் நடந்த பாதையில் தாத்தா மாதிரி ஆட்கள் வந்து இருந்து போனார்கள் என்று சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்ற அளவுக்காவது ஒரு பலகை இதற்கு வைக்கலாம். இத்தனை கட்டடம் இடிந்த தீவில் ஒரு பலகை நிற்க இடமா இல்லை? கல்வெட்டு கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. மூன்று மொழியில் நாலு வரி. வைத்தால் போய் நின்று படமெடுத்துக்கொள்ள பூச்சோங்கில் மட்டும் ஒரு குழு தயாராக இருக்கிறது. இந்த முறை கட்டைவிரல் காட்டியவர்கள் எல்லோரும் வருவார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "அந்தத் தண்ணித் தொட்டி இன்னும் இருக்கா?" தாத்தாவை முக்கி எடுத்த தொட்டி. சரியாகப் பார்க்கவில்லை என்றேன். நான் உட்கார்ந்து முதுகைச் சாய்த்த சிமெண்டுச் சுவர் எதன் சுவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? "அப்ப என்னத்த பாத்த?" என்றபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஜெரஜாக் போகிற தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் இரண்டு போத்தல் கொண்டுபோங்கள், காலிப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நாசி லெமாக் வேண்டாம். படகு திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டிய அப்பாவோ பாட்டியோ இருந்தால், காலணி வாங்கக் கடைக்குப் போகும் முன் அவர்கள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். எந்தக் கப்பல், எந்த வருஷம், கேம்பில் எத்தனை நாள் என்று கேளுங்கள். சொல்வதை உடனே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.